ஈ விழாத பாட்டில்

நஸ்ரின் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். ஒன்றும் விழவில்லை. உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினாள். அப்போதும் ஒன்றும் விழவில்லை. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, மறு கண்ணைப் பாட்டிலின் வாயில் வைத்து உள்ளே பார்த்தாள்.

"ஒரு ஈ கூட இல்லை அங்கிள்."

கொள்ளிடக் கரையோரம் ஒரு கொய்யாத் தோப்பு. ஆடி மாதத்துச் சனிக்கிழமைக் காலை. காற்று கிளைகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. என் கடையிலிருந்து போன பழைய தண்ணீர் பாட்டில்கள் ஈ பிடிக்க மரத்துக்கு மரம் தொங்கி ஊஞ்சலாடின. எல்லாம் புதுப் பாட்டில் மாதிரி பளபளவென்று இருந்தன. ஒவ்வொன்றின் நெற்றியிலும் மஞ்சள், நடுவே குங்குமம்.

"சாப்பிட்டுக்கிட்டே யோசிம்மா" என்று சரோஜா அக்கா ஒரு கொய்யாவை நறுக்கித் தட்டில் வைத்தார். தோப்பு அவருடையது. பத்திரப்படி அவர் வீட்டுக்காரருடையது.

பழம் வெளியே மாசு மருவில்லாமல் இருந்தது. உள்ளே வெள்ளையாக ஏதோ நெளிந்தது. நாங்கள் குனிந்து பார்ப்பதற்குள் அது உடம்பை வில்லாக வளைத்து, ஒரே எகிறாக எகிறி, நஸ்ரினின் துப்பட்டாவில் போய் உட்கார்ந்தது. பழ ஈயின் புழு குதிக்கும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"யா அல்லாஹ்!" என்று அவளும் குதித்தாள். ஈயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற பெண்தான். ஆனாலும் துப்பட்டாவில் வந்து உட்கார்ந்தால் வேறு விஷயம்.

இதையெல்லாம் மோட்டார் கொட்டகை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார் அமிர்தலிங்கம் அண்ணன். அக்காவின் வீட்டுக்காரர். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பாட்டில்ல ஈ இல்லை. பழத்துல புழு இருக்கு. அப்படின்னா என்ன அர்த்தம்? ஈ உஷாரா இருக்கு. பாட்டில் கண்டம்" என்றார்.

இனிமேல் உதவாது என்று ஒதுக்கித் தள்ளிய ரயில் பெட்டியையும் இரும்பையும் பொன்மலைக்காரர்கள் கண்டம் என்பார்கள். அண்ணன் அந்த வார்த்தையை வேலையோடு விட்டுவிட்டு வரவில்லை. ஆறின காபி கண்டம். சத்தம் போடும் ஃபேன் கண்டம். ஒரு தடவை கூப்பிட்டு வராத மாப்பிள்ளையும் கண்டம்தான்.

"ஆவணி முடியறதுக்குள்ள புழு இல்லாத பழத்தை என் கண்ணுல காட்டணும். இல்லேன்னா தோப்பே கண்டம். ஜேசிபிக்காரர்கிட்ட சொல்லி வெச்சாச்சு. மரத்தைப் பிடுங்கிட்டு வாழை போடுறேன். முசிறி மச்சான் கன்னு தர்றேன்னு சொல்லியிருக்கான்."

அக்காவின் கையில் இருந்த கத்தி அப்படியே நின்றது.

அண்ணன் ஷிஃப்டு ஷிஃப்டாகப் பொன்மலைக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், குடத்தில் தண்ணீர் தூக்கி ஊற்றி அக்கா வளர்த்த மரங்கள் அவை. மகன் கத்தாரில் இருக்கிறான். வீடியோ காலில் அவன் வந்தால் அக்கா போனைத் திருப்பி மரங்களைத்தான் காட்டுவார். "அம்மா, உன் மூஞ்சியக் கொஞ்சம் காட்டேன்" என்று அவன் கெஞ்சுவான். "என் மூஞ்சியில என்னடா புதுசா காய்ச்சிருக்கு?" என்பார்.

அப்படிப்பட்டவர் அன்று புழு வந்த பழத்தை முந்தானையில் மூடிக்கொண்டு உள்ளே போனார்.

ஈ ஓட்டுகிற கடையில் ஈ பிடிக்க வந்த பெண்

இந்தக் கதைக்குள் நான் எப்படி வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன்.

எனக்குத் திருவானைக்கோவில் பக்கம் காயலான் கடை. பள்ளிக்கூடத்தில் நான் படித்தது கொஞ்சம்தான். மீதியெல்லாம் கிலோக் கணக்கில் கடைக்கு வந்த பழைய பேப்பரில் படித்தது. அதனால் என் அறிவு பாதிப் பாதியாகத்தான் இருக்கும். ஒரு விஷயத்தின் ஆரம்பம் தெரியும், தொடர்ச்சி எட்டாம் பக்கம் என்று போட்டிருக்கும், எட்டாம் பக்கத்தில் யாராவது வடை மடித்திருப்பார்கள்.

மனிதர்கள் பேசுவது அப்படியில்லை. முழுசாகக் கிடைக்கும். அதனால்தான் யார் என்ன சொன்னாலும் காதில் வாங்கி வைத்துக்கொள்வேன்.

பாலக்கரையிலிருந்து ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள் நஸ்ரின். ஒரே அளவில், மூடியோடு, நசுங்காத தண்ணீர் பாட்டில்கள் நிறைய வேண்டும் என்றாள். என் கடையில் பாட்டிலை விற்க வருவார்களே தவிர, வாங்க யாரும் வந்ததில்லை.

"எதுக்கும்மா?"

"ஈ பிடிக்கணும் அங்கிள்."

"நாங்க இங்க வருஷக்கணக்கா ஈ ஓட்டிக்கிட்டு இருக்கோம். பிடிக்கலாம்னு தோணவே இல்லையேம்மா!"

சிரித்துவிட்டாள். அப்புறம் என் உடைந்த நாற்காலியில் உட்கார்ந்து பாடமே நடத்தினாள்.

சாக்கடை ஈ வேறு, பழ ஈ வேறாம். பழ ஈயில் பெண் ஈக்கு வால் பக்கம் ஊசி மாதிரி ஒன்று இருக்கும். காய் பழுக்கிற சமயம் பார்த்துத் தோலில் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். புழு உள்ளேயே பிறந்து, உள்ளேயே தின்று, உள்ளேயே வளரும். மேலே எவ்வளவு மருந்து அடித்தாலும் உள்ளே இருக்கிற புழுவுக்கு எட்டாது. பழம் கீழே விழுந்ததும் புழு மண்ணுக்குள் போய்க் கூடு கட்டி, ஈயாகி, மறுபடியும் மரத்துக்கு வந்துவிடும். கொய்யா, மா, எலுமிச்சை ஜாதி என்று ஒன்றையும் விடாது.

"அதனால ஆண் ஈயைப் பிடிக்கிறோம். ஒரு வாசனை எண்ணெய் இருக்கு. அதையும் கொஞ்சம் மருந்தையும் மரக்கட்டைத் துண்டுல ஊற வெச்சு, ஓட்டை போட்ட பாட்டிலுக்குள்ள தொங்க விட்டா, ஆண் ஈயெல்லாம் தேடி வந்து உள்ள போய்ச் செத்துடும். ஜோடி இல்லேன்னா பெண் ஈ வைக்கிற முட்டை பொரிக்காது."

"அதாவது கல்யாணத்தை நிறுத்துறீங்க."

"ஆமா அங்கிள். மாப்பிள்ளை வீட்டையே தூக்கிடறோம்."

பாட்டிலில் ஓட்டை போடுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். சூடு பண்ணின கம்பியால் போட வேண்டும். அப்படியே சனிக்கிழமைகளில், அவள் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்ட கொள்ளிடக் கரைத் தோப்புக்கும் போக ஆரம்பித்தேன். கடையை என் மனைவி தனம் பார்த்துக்கொள்வாள். நான் இல்லாத நாளில்தான் வியாபாரம் நன்றாக நடப்பதாக அவள் சொல்லுவாள்.

தோப்பில் முதல் நாள் நஸ்ரின் இதையே விளக்கியபோது, சரோஜா அக்கா ஒரு சந்தேகம் கேட்டார்.

"ஆம்பளை ஈ மட்டும்தான் வருமா?"

"ஆமா ஆன்ட்டி. வாசனை வந்தாப் போதும். என்ன ஏதுன்னு யோசிக்காம உள்ள போயிடும்."

"அது எனக்குத் தெரிஞ்சதுதான்மா" என்று அக்கா அண்ணனைப் பார்த்தார்.

"நான் என்ன பாட்டிலுக்குள்ளயா போனேன்?" என்றார் அண்ணன்.

"உங்க சிநேகிதர் பாதிப் பேர் போயிருக்காங்களே."

அண்ணன் பேச்சை மாற்றினார். நஸ்ரின் இன்னொன்றும் கேட்டிருந்தாள். விழுந்த பழங்களை அப்படியே விடக்கூடாது, ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும். அதைப் பிடித்துக்கொண்டார்.

"முதல்ல பாட்டில்ல ஈயைக் காட்டு. அப்புறம் குழியைப் பத்திப் பேசலாம்."

ஆனால் வாரா வாரம் சனிக்கிழமை பாட்டிலைத் திறந்தால் காலி. அதிசயமாக ஒன்றிரண்டு ஈ கிடக்கும். அதுவும் வழி தெரியாமல் வந்த மாதிரி.

ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில்

எண்ணெயின் மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. அதன் மகிமையை நான் என் சட்டையிலேயே பார்த்தவன்.

ஒரு நாள் கட்டையை ஊற வைக்க எண்ணெயை எடுத்துக் கொடுக்கும்போது, மருந்து கலப்பதற்கு முன்னாலேயே, சில சொட்டு என் சட்டைப் பையில் சிந்திவிட்டது. கிராம்பும் துளசியும் சேர்ந்த மாதிரி ஒரு வாசனை. நன்றாகத்தானே இருக்கிறது என்று துடைத்துவிட்டு, ஸ்ரீரங்கத்துக்கு ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினேன்.

பக்கத்தில் திருமண் இட்ட பெரியவர் ஒருவர். மூக்கை இரண்டு தடவை உறிஞ்சினார். முகம் மலர்ந்தது.

"ஸ்வாமிக்குத் துளசி கைங்கர்யமோ?"

"இல்லீங்க. பழைய இரும்பு, பேப்பர்."

அவர் நம்பவில்லை. அடக்கத்தில் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். நகர்ந்து எனக்கு நன்றாக இடம் கொடுத்தார். வாழ்க்கையில் எனக்குப் பஸ்ஸில் கிடைத்த பெரிய மரியாதை அதுதான்.

அம்மாமண்டபம் பக்கம் பஸ் நின்றபோது ஜன்னல் வழியாக ஒரு ஈ வந்து என் பையில் உட்கார்ந்தது. இன்னொன்று வந்தது. அப்புறம் கொத்தாக வந்தன. தேன் நிறத்தில், இடுப்பு ஒடுங்கி, சட்டையை நக்கிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தன. தட்டினால் எழுந்து மறுபடியும் அங்கேயே உட்கார்ந்தன.

பெரியவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"தப்பா நினைச்சுக்கப்படாது. வாசனை பெருமாள் வாசனையா இருக்கு. ஆனா ஈ மொய்க்கறதே?"

நான் விஷயத்தைச் சொன்னேன். துளசியிலும் இதே வாசனைச் சத்து உண்டு என்று நஸ்ரின் சொன்னதையும் சொன்னேன். அவர் வருத்தமாகத் தலையை ஆட்டினார்.

"அதுதானா! எங்காத்துத் துளசிச் செடியில இதே ஈதான் வந்து வந்து உக்கார்றது. பூச்சிக்குக்கூட எவ்வளவு பக்தின்னு நினைச்சுண்டிருந்தேன். கெடுத்துட்டீரே!"

என் சட்டைக்கே இத்தனை ஈ வருகிறது. தோப்புப் பாட்டிலுக்கு ஏன் வரவில்லை? எனக்கும் புரியவில்லை, படித்த பெண்ணுக்கும் புரியவில்லை.

தனம் கேட்ட ஒரு கேள்வி

துப்பட்டாவில் புழு குதித்த அந்தச் சனிக்கிழமை ராத்திரி, சாப்பிடும்போது தனத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணன் சொன்ன கெடுவை, அக்காவின் முகத்தை, பளபளவென்று காலியாகத் தொங்கிய பாட்டில்களை.

"பளபளன்னா? மழையிலயும் புழுதியிலயும் தொங்குற பாட்டில் எப்படிங்க பளபளங்கும்?"

"அக்கா அவ்வளவு சுத்தம். பாட்டிலுக்குப் பொட்டெல்லாம் வெச்சிருக்காங்க."

"பொட்டா?"

"அதுல என்ன? லாரிக்கு வைக்கிறோம், தராசுக்கு வைக்கிறோம், மோட்டாருக்கு வைக்கிறோம். பாட்டிலுக்கு வெச்சா ஆகாதா?"

"போன வாரம் வெச்ச பொட்டா, புதுப் பொட்டா?"

யோசித்துப் பார்த்தேன். எந்தச் சனிக்கிழமை போனாலும் பொட்டு ஈரம் காயாத மாதிரிதான் இருந்தது.

"புதுசுதான்."

"கழுவாத சாமானுக்கு யாராவது பொட்டு வைப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் ரசம் ஊற்ற ஆரம்பித்தாள்.

பாதிச் சாப்பாட்டிலேயே எழுந்து கை கழுவிவிட்டு நஸ்ரினுக்குப் போன் பண்ணினேன்.

வெள்ளிக்கிழமைக் குளியல்

அடுத்த வாரம் சனிக்கிழமைக்குப் பதிலாக வெள்ளிக்கிழமையே போனோம். யாரிடமும் சொல்லவில்லை.

தோப்பு வீட்டுக் குழாயடியில் எங்கள் பாட்டில்கள் வரிசையாகக் குளித்துக்கொண்டிருந்தன. பாதி நனைந்து, பாதி சோப்பு நுரையோடு. கழுவினவை தலைகீழாக வெயிலில் காய்ந்தன. மரக்கட்டைத் துண்டுகள் மட்டும் பத்திரமாகத் தனியே ஒரு முறத்தில். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் தேங்காய் நாரோடு, சரோஜா அக்கா ஒரு பாட்டிலின் கழுத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

எங்களைப் பார்த்ததும் பதறிவிட்டார்.

"என்னம்மா இன்னைக்கே வந்துட்டே? நாளைக்குத்தானே வருவே? இன்னும் முடியலையே!"

"ஆன்ட்டி, இதை எப்பவும் கழுவுவீங்களா?"

"வாரா வாரம் கழுவிடுவேன். வெள்ளிக்கிழமை கழுவிக் காய வெச்சு, நாளைக்குக் காலையில நீ வர்றதுக்குள்ள பொட்டு வெச்சு மாட்டிடுவேன். உன் சாமானை நான் அசிங்கமா வெச்சிருப்பேனா?"

"உள்ள ஈ இருந்துச்சா?"

"அதை ஏன் கேக்குற! ஒவ்வொண்ணுலயும் அடைசலா கிடக்கும், கருகருன்னு. முகத்துல துணியைக் கட்டிக்கிட்டு அத்தனையும் கொட்டி மண்ணைப் போட்டு மூடுவேன். பாக்குறவங்க இந்த வீட்டுல பொம்பளையே இல்லையான்னு கேக்க மாட்டாங்க?"

நஸ்ரின் குழாயடிக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டும் என்றுதான் நினைக்கிறேன்.

சத்தம் கேட்டு அமிர்தலிங்கம் அண்ணன் வந்தார்.

"அண்ணே, அக்கா பாட்டிலைக் கழுவுறது உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"ஏன் தெரியாம? எதிர்ல உக்காந்துதானே பேப்பர் படிக்கிறேன்."

"சொல்லக் கூடாதா அண்ணே?"

"இதுல சொல்ல என்ன இருக்கு கடைக்காரரே? வெள்ளிக்கிழமை வந்தா என்னைத் தவிர எல்லாத்தையும் கழுவுவா. நான் அசையாம உக்காந்திருந்தா என்னையும் கழுவிடுவா."

அக்காவுக்கு அப்போதுதான் முழுசாகப் புரிந்தது. நார் கையிலிருந்து நழுவியது.

"அப்போ... மரத்தை வெட்டுறேன்னு இவர் சொன்னது என்னாலயா?"

அந்த ஒரு நிமிஷம் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. நஸ்ரின் எழுந்து, நுரையோடு இருந்த அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லை ஆன்ட்டி. வாரம் பூரா பாட்டில் மரத்துலதானே தொங்குது? ஈ செத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கு. எங்க கண்ணுலதான் படலை. பாட்டில் வேலை செய்யுது ஆன்ட்டி. நல்லாவே செய்யுது. பழத்துல புழு குறையத்தான் நாளாகும்."

அண்ணனுக்கு ஈயைக் காட்டினோம்

கழுவாத பாட்டில்களோடு அடுத்த சனிக்கிழமை வந்தது. முதல் பாட்டிலைக் கழற்றி நஸ்ரின் அண்ணன் கையில் கொடுத்தாள். அடியில் கருப்பாக, தடிமனாக, ஈ.

அவர் இளகிவிடுவார் என்று நாங்கள் மூன்று பேரும் அவர் முகத்தையே பார்த்தோம்.

அவர் பாட்டிலைத் தள்ளிப் பிடித்தார். "இவ்வளவு ஈயா? இத்தனை ஈ இருக்கற இடத்துல புத்தியுள்ளவன் எவனாவது கொய்யா வெச்சிருப்பானா? நாளைக்கே ஜேசிபியை வரச் சொல்றேன்."

பாட்டில் காலியாக இருந்தாலும் மரம் போகும், நிறைந்திருந்தாலும் மரம் போகும். இப்படி ஒரு மனிதரை என்ன செய்வது?

நஸ்ரின்தான் சுதாரித்தாள். "சார், ஆவணி முடியற வரைக்கும்னு சொன்னீங்க. ஒர்க்‌ஷாப்புல கெடு குடுத்துட்டா நடுவுல மாத்துவீங்களா?"

அண்ணன் மீசையைத் தடவினார். "மாத்த மாட்டோம்" என்றார் கஷ்டப்பட்டு.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமைகள்தான் அக்காவுக்குச் சோதனை. தோப்புப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வார். "கை பரபரங்குது தம்பி. உள்ள பிணத்தை வெச்சுக்கிட்டு வெளிய கோலம் போடுற மாதிரி இருக்கு" என்று என்னிடம் முறையிடுவார். வாரம் போகப் போக, சனிக்கிழமைகளில் நஸ்ரின் எண்ணிக் கொட்டுகிற ஈ குறைந்துகொண்டே வந்தது. இந்தத் தடவை கழுவிக் குறைந்தது இல்லை.

கெடு முடிந்த நாள்

ஆவணிக் கடைசியில் ஜேசிபி வந்தேவிட்டது. வேலிக்கு வெளியே மஞ்சளாக, கையை மடக்கிக்கொண்டு நின்றது. ஓட்டி வந்தவர் வையம்பட்டிக்காரர். முருகேசன் என்று பெயர்.

அண்ணன் கூடையை எடுத்துக்கொண்டு தானே பழம் பறித்தார். மற்றவர்கள் பறித்தால் பொறுக்கிக் கொடுப்பார்களாம். நடு மரம், ஓர மரம் என்று கலந்து பறித்தார். "இதை நறுக்கி வை. நஸ்ரின் பாப்பாவும் நானும் வந்து பார்க்குறோம்" என்று அக்காவிடம் பாதியைக் கொடுத்துவிட்டு, மீதியைப் பறிக்க நஸ்ரினையும் என்னையும் கூட்டிக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார்.

திரும்பி வந்தால் தட்டுகள் காலி. பக்கத்தில் உப்பு மிளகாய்ப் பொடிக் கிண்ணம். முருகேசன் விரலை நக்கிக்கொண்டிருந்தார்.

"இங்க இருந்த கொய்யா எங்கய்யா?" என்றார் அண்ணன்.

"ரொம்ப நல்லா இருந்துச்சுங்க. காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை. உங்க வீட்டுல மரியாதை தெரிஞ்சவங்க. இன்னும் இருக்குங்களா?"

நஸ்ரின் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அங்கிள், என் ஆராய்ச்சியைத் தின்னுட்டாரு."

"புழு இருந்துச்சாய்யா?"

முருகேசன் மெல்லுவதை நிறுத்தினார். "புழுவா?"

"பார்த்தியா இல்லையா?"

"கொய்யாவைத்தான் பார்த்தேனுங்க."

"நறுக்கினது நான்" என்றார் அக்கா. "ஒண்ணுலயும் இல்லை."

"நீ சொல்றது செல்லாது. நீ மரத்தோட ஆளு."

அண்ணன் கீழே உட்கார்ந்தார். தன் பேனாக்கத்தியை விரித்து, மீதிப் பழங்களை ஒவ்வொன்றாக நறுக்கினார். ரயில் அச்சில் விரிசல் தேடுகிறவர் மாதிரி நிதானமாகப் பார்த்தார். சுத்தம். அடுத்தது சுத்தம். அதற்கடுத்ததும் சுத்தம். கூடை காலியாகிக்கொண்டே வந்தது.

ஓர மரத்துப் பழம் ஒன்றை நறுக்கினார். வெள்ளையாக ஒன்று நெளிந்தது. வளைந்து எகிறி அண்ணனின் வேட்டியில் விழுந்தது.

முருகேசன் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

அண்ணன் அந்தப் புழுவை வெகு நேரம் பார்த்தார். சுத்தமான துண்டுகள் அவர் பக்கத்தில் குவிந்து கிடந்ததையும் பார்த்தார்.

"ஒர்க்‌ஷாப்புல நாங்க செஞ்ச சாமான்லயே ஒண்ணு ரெண்டு ரிஜெக்ட் வரும்" என்றார் யாரையும் பார்க்காமல். "அதுக்காக ஒர்க்‌ஷாப்பை மூட மாட்டாங்க."

பிறகு எழுந்து வேட்டியை உதறினார். "முருகேசா, டீசல் போட்டு வந்துட்டே. சும்மா போக வேண்டாம். அந்த மூலையில ஒரு குழி வெட்டிட்டுப் போ."

"மரம் பிடுங்கணும்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். இப்போ குழி சொல்றேன். விழுந்த பழத்தைப் புதைக்கணும். அந்தப் பாப்பா வந்த நாள்லேர்ந்து கேட்டுக்கிட்டு இருக்கு."

ஜேசிபி தோப்பின் மூலைக்கு உருண்டு போய்க் கையை நீட்டியது. அதுவரை அந்த வண்டிப் பக்கமே திரும்பாமல் இருந்த சரோஜா அக்கா, நேரே நடந்துபோய்க் குழியின் விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தார்.

"இன்னும் ஆழம் வேணும் தம்பி."

"அம்மா, இது கொய்யாவுக்குக் குழியா, இல்லை கிணறா?" என்று முருகேசன் மேலிருந்து கத்தினார்.

"நீ வெட்டுப்பா" என்றார் அக்கா. "நான் சொல்றப்போ நிறுத்து."